ஒரு படகுத் தொழிற்சாலையும் பத்து சதவீத வரியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறேன்.)

 

எழுபது வயதைத் தாண்டியவனை மேடையில் ஏற்றினால் ஒன்று வேதாந்தம் பேசுவான், இல்லாவிட்டால் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவான் என்று செயலாளர் பயந்திருப்பார். இரண்டும் இல்லை. இன்று நான் பேசப் போவது ஃபைபர்கிளாஸ் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஃபைபர்கிளாஸில் படகு செய்து மூன்று தலைமுறைக் காலம் பார்த்துவிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மத்திய அரசில் வரி வசூல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபைபர்கிளாஸ் என் படிப்போடு சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த சோதனை என் உத்தியோகத்தோடு சேர்ந்தது. அதனால்தான் இந்தக் கதை என்னை விடவில்லை.

நம்மில் பலருக்கு ஒரு பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். என் பெண் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களைக் கடற்கரைக்குக் காரில் அழைத்துப் போனார். கார்டன் ஸ்டேட் பார்க்வே என்ற சாலையில் தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து பைன் காடும் சதுப்பு நிலமும் வருகின்றன. அட்லாண்டிக் சிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பாஸ் ரிவர் என்ற சிறிய நதியின் பாலத்தைத் தாண்டும்போது, கரையில் வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன்.

"இந்தக் காட்டுக்குள்ள இவ்வளவு படகு யாருக்கு?" என்று கேட்டேன்.

"இங்கேதான் பண்றா. வைக்கிங்னு ஒரு கம்பெனி. அண்ணா தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்சது. ஒரு தடவை வரி போட்டு அவாளை ஒழிச்சுடப் பாத்தா. நீங்க படிச்சா உங்களுக்கு சுவாரஸ்யமா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். ஊர் திரும்பிய பின்பும் தேடிப் படித்தேன்.

கதைக்குப் போகும் முன் ஃபைபர்கிளாஸ் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. ரசாயனம் படித்தவனுக்கு இந்தச் சலுகையைத் தர வேண்டும்.

கண்ணாடி கையிலிருந்து விழுந்தால் உடையும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதே கண்ணாடியை உருக்கி, தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லிய இழையாக இழுத்துவிட்டால் அது எஃகுக் கம்பியோடு போட்டி போடும் பலம் பெறுகிறது. கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமில்லை. கிரிஃபித் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1920 வாக்கில் இதை விளக்கினார். 1930களில் அமெரிக்காவில் கேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரின் குழு இந்த இழையைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் வழியைக் கண்டது. 1938இல் இதற்கென்றே ஓவன்ஸ் கார்னிங் கம்பெனி பிறந்தது.

இழை மட்டும் இருந்தால் அது வெறும் துணி. அதைப் பிடித்து வைக்கப் பசை வேண்டும். அந்தப் பசைதான் பாலியெஸ்டர் ரெசின். தேன் போல இருக்கும் அந்தத் திரவத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கேட்டலிஸ்ட் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் சூடேறி, இறுகிக் கல்லாகிவிடும். அதற்குள் இழைப் பாயை அச்சில் விரித்து, ரெசினைப் பூசி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றியாக வேண்டும். குமிழ் நின்றால் அங்கே பலவீனம். கேட்டலிஸ்ட் கூடினால் வெடித்து விரியும், குறைந்தால் இறுகவே இறுகாது. அன்றைய வெயில் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று பார்த்து அளவை மாற்ற வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். கைக்கு வருவதற்கு வருஷங்கள் ஆகும். இந்த "கை" என்ற வார்த்தையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படகுக்கு வருவோம். மரப்படகு என்பது பலகை பலகையாகக் கட்டுவது. பத்தாவது படகுக்கும் முதல் படகுக்கு ஆன அதே உழைப்பு ஆகும். ஃபைபர்கிளாஸ் படகுக்கு முதலில் ஒரு மாதிரி உருவம் செய்து, அதன்மேல் அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்குப் பெரும் பணம் ஆகும். ஆனால் அச்சு கைக்கு வந்துவிட்டால் அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரியான உடல்களை எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே ஃபைபர்கிளாஸில் இறங்குகிறவன் முதல் படகு விற்பதற்கு முன்பே பெரும் செலவைச் செய்துவிடுகிறான். வாங்க ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கைதான் அவனுடைய முதல்.

1964இல் பில் ஹீலி, பாப் ஹீலி என்ற இரு சகோதரர்கள் நியூ கிரெட்னா என்ற அந்தச் சிற்றூரில் நொடித்துப் போயிருந்த ஒரு மரப்படகுப் பட்டறையை வாங்கினார்கள். பாப் வக்கீலுக்குப் படித்தவர். பில் தொழிற்கூடத்திலேயே நின்று வேலை பார்க்கும் சுபாவம் உள்ளவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பரம்பரையாகப் படகு கட்டும் தச்சர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அந்தத் தச்சர்களின் கைகளும் நதியோர இடமும்தான் அவர்கள் உண்மையில் வாங்கிய சொத்து என்று சொல்லலாம்.

1970களின் தொடக்கத்தில் அவர்கள் மரத்தை விட்டு ஃபைபர்கிளாஸுக்கு மாறினார்கள். 40 அடி நீளமுள்ள ஒரு மீன்பிடி உல்லாசப் படகு அவர்களுடைய பெயரை நிலைநாட்டியது. அதே காலத்தில் அதே மாவட்டங்களில் இருந்த வேறு பல படகுக் கம்பெனிகள் கைமாறின, பிறகு மறைந்தன. ஹீலி சகோதரர்கள் நிலைத்ததற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

ஒன்று, பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டது. பில் உற்பத்தியைப் பார்த்தார். பாப் பணம், சட்டம், வெளி விவகாரங்களைப் பார்த்தார். கூட்டுத் தொழில் செய்யும் அண்ணன் தம்பிகளில் பெரும்பாலான சண்டைகள், இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார நினைப்பதால்தான் வருகின்றன. என் உத்தியோகத்தில் எத்தனையோ பாகஸ்தர் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். லாபத்தில் யாருக்கு எத்தனை அணா என்று எழுதுவார்கள். காலையில் பட்டறைக் கதவைத் திறப்பது யார் என்று எழுத மாட்டார்கள்.

இரண்டாவது, கூடிய மட்டும் எல்லாவற்றையும் தாங்களே செய்வது. மரச்சாமான், மின் இணைப்புப் பலகை, எரிபொருள் தொட்டி, உலோக வேலை என்று ஒரு படகில் போகிறவற்றில் சுமார் 90 சதவீதம் தங்கள் கூரையின் கீழேயே தயாராவதாக அந்த நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. மேலாண்மைப் பாடப் புத்தகங்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்லும். வெளியே மலிவாகக் கிடைத்தால் வெளியே வாங்கு என்று சொல்லும். ஆனால் நடுக்கடலில் ஒரு திருகு கழன்றால் அங்கே மாட்டிக்கொள்பவர் படகை வாங்கியவர். அவர் திரும்பி வந்து கேட்கும்போது, அது வேறொருவர் செய்த திருகு என்று சொல்ல ஹீலி குடும்பத்தார் விரும்பவில்லை.

1987இல் ஃப்ளோரிடாவில் இருந்த கல்ஃப்ஸ்டார் என்ற படகுக் கம்பெனியையும் வாங்கினார்கள். 1980களின் கடைசியில் வைக்கிங்கில் வேலை செய்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இரண்டாம் தலைமுறையும் தொழிற்கூடத்துக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் வரி வந்தது.

1990ஆம் ஆண்டு அமெரிக்க அரசுக்குப் பட்ஜெட் பற்றாக்குறை. புதிய வரி போட மாட்டேன் என்று தேர்தலில் சொல்லியிருந்த மூத்த புஷ், காங்கிரஸோடு ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டியிருந்தது. அந்த உடன்பாட்டில் ஆடம்பர வரி ஒன்று சேர்ந்தது. 1991 ஜனவரி 1 முதல் அமல். 30 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட கார், 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகு, 2.5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விமானம், 10 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட நகையும் உரோம ஆடையும் என இவற்றின் விலையில் அந்த வரம்புக்கு மேல் உள்ள தொகைக்கு 10 சதவீதம்.

உங்களைப் போலவே நானும் இதைப் படித்தவுடன், "நியாயம்தானே?" என்றுதான் நினைத்தேன். 10 லட்சம் டாலருக்குப் படகு வாங்குகிறவன் 90 ஆயிரம் டாலர் வரி கொடுத்தால் குறைந்தா போய்விடுவான்? பணக்காரனிடம் வாங்கி ஏழைக்குச் செய்வதுதானே அரசாங்கத்தின் தர்மம்? நான் அந்தப் பதவியில் இருந்திருந்தால், கோப்பில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

ஆனால் பணக்காரன் அந்த 90 ஆயிரத்தைக் கொடுக்கவில்லை. அவன் படகு வாங்குவதையே நிறுத்திவிட்டான். அரிசி, பருப்பு மாதிரி படகு ஒன்றும் தினசரித் தேவை இல்லையே! அந்த வரி முதல் விற்பனைக்கு மட்டும்தான் என்பதால் சிலர் பழைய படகை வாங்கினார்கள். சிலர் இருக்கிற படகையே பழுது பார்த்துக்கொண்டார்கள். இன்னும் சிலர், இந்தச் சட்டம் எப்படியும் போய்விடும் என்று காத்திருந்தார்கள். அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

நஷ்டம் யாருக்கு? நியூ கிரெட்னாவில் உருளையை உருட்டிக்கொண்டிருந்தவனுக்கு. வைக்கிங்கில் ஆயிரத்தைத் தாண்டியிருந்த தொழிலாளர் எண்ணிக்கை நூறுக்கும் கீழே போய்விட்டது. நாடு முழுவதும் படகுத் தொழிலில் சுமார் 7,600 வேலைகள் போகும் என்று அமெரிக்கக் காங்கிரஸின் கூட்டுப் பொருளாதாரக் குழுவினர் 1991இல் கணக்கிட்டார்கள். வரி வசூலும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. வேலை போனவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகையையும், அவர்கள் கட்டாமல் போன வருமான வரியையும் கழித்தால் அரசுக்கு மிச்சம் என்ன என்று அப்போதே கேள்வி எழுந்தது.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1990 நடுவிலிருந்து 1991 ஆரம்பம் வரை அங்கே பொருளாதார மந்தம். வளைகுடா யுத்தமும் அதே சமயம். ஆகவே எல்லாப் பழியையும் வரியின் தலையில் போடுவது சரியாகாது. ஆனால் மழையில் நனைந்துகொண்டிருப்பவன் தலையில் ஒரு குடம் தண்ணீரையும் கொட்டியது மாதிரிதான் அது.

இந்த இடத்தில் ஹீலி சகோதரர்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கம்பெனியைக் கிடைத்த விலைக்கு விற்கலாம். பூட்டிவிட்டு, இருக்கிற செல்வத்தோடு சௌக்கியமாக இருக்கலாம். இருவருக்குமே வயது அறுபதை ஒட்டிவிட்டது. யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாவது வழி, தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பது.

அவர்கள் மூன்றாவது வழியை எடுத்தார்கள். தாங்கள் அதுவரை சம்பாதித்து வைத்திருந்ததில் பல மில்லியன் டாலரைக் கம்பெனிக்குள் போட்டார்கள். மீதமிருந்த கொஞ்சம் தொழிலாளர்களைக் கொண்டு வேலையை நிறுத்தாமல் நடத்தினார்கள். விற்குமோ விற்காதோ தெரியாத அந்த 1991ஆம் வருஷத்திலேயே 58 அடியில் ஒரு புதிய படகை வெளியே கொண்டுவந்தார்கள். பாப் ஹீலி வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். வக்கீல் படிப்பு அப்போதுதான் முழுசாகப் பயன்பட்டது. "முதலாளிகளைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். வேலை போன தச்சனையும் பெயிண்டரையும் எலெக்ட்ரீஷியனையும் முன்னால் நிறுத்திப் பேசியதால்தான், வரியை ஆதரித்தவர்களே அதை நீக்கவும் கை தூக்கினார்கள். 1993 ஆகஸ்டில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் படகு மீதான ஆடம்பர வரி ரத்தாயிற்று. அந்த வருஷம் ஜனவரி 1 முதலே ரத்தானதாகக் கணக்கு. கார் மீதான வரி மட்டும் படிப்படியாகக் குறைந்து 2002 முடிவில்தான் போயிற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக நான் எங்கேயும் பேசாத விஷயம்.

1986இல் நம் நாட்டில் கலால் வரிக்குப் புதிய அட்டவணை வந்தது. பொருள்களை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தார்கள். பிளாஸ்டிக் 39ஆவது அத்தியாயம். கண்ணாடி, கண்ணாடி இழை 70ஆவது அத்தியாயம். அப்படியானால் கண்ணாடி இழை போட்டு பிளாஸ்டிக் ரெசினில் செய்த ஃபைபர்கிளாஸ் தொட்டி எதில் சேரும்? ஒன்றில் சேர்த்தால் ஒரு விகிதம், மற்றொன்றில் சேர்த்தால் வேறு விகிதம். புதிய சட்டம் வந்தால் இப்படிச் சந்தேகங்கள் வருவது சகஜம்.

அப்போது நான் வேலை பார்த்த ஊரின் தொழிற்பேட்டையில் இரண்டு மராட்டியச் சகோதரர்கள் ஒரு சின்ன ஃபைபர்கிளாஸ் பட்டறை வைத்திருந்தார்கள். சாண எரிவாயுக் கலத்துக்கு மேலே கவிழ்க்கும் குவிமாடம், ஆசிட் தொட்டி, புகைக்குழாய் இவற்றைச் செய்வார்கள். பதினைந்து, பதினாறு பேர் வேலை. அவர்களுடைய தாயார் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். நான் போகும்போதெல்லாம் டீ வரவழைப்பார். நான் குடிக்க மாட்டேன். அவ்வளவு நேர்மையாக இருந்தேன் என்று அப்போது எனக்குப் பெருமை.

அவர்கள் 39இல் காட்டியிருந்தார்கள். நான் 70 என்று எழுதி, பழைய பாக்கியையும் சேர்த்து நோட்டீஸ் கொடுத்தேன். ரசாயனம் படித்த எனக்கு, ரெசின் இறுகினால்தான் அந்தப் பொருள் உருவமே பெறுகிறது என்பது தெரியும். 39 என்று வாதாட இடமிருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் சந்தேகம் இருந்தால் வருவாய்க்குச் சாதகமாகக் கேட்டுவிடு, அவர்கள் வேண்டுமானால் அப்பீல் போகட்டும் என்பது என் வழக்கமாக இருந்தது. லஞ்சம் வாங்கவில்லை, விதியை மீறவில்லை. கோப்பைப் பார்த்தால் என்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவர்கள் அப்பீல் போனார்கள். வருஷங்கள் ஓடின. நான் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன். பல வருஷம் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் மூத்தவர் என்னை அடையாளம் கண்டு வந்து வணங்கினார். வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஜெயித்துவிட்டோம் சாஹேப். 39 என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் வழக்கு முடிவதற்குள் பேங்க் கடனை நிறுத்திவிட்டது. சம்பளம் தர முடியாமல் ஆட்களை அனுப்பிவிட்டோம். பணம் திரும்பி வந்தது. கைகள் திரும்பி வரவில்லை" என்றார் ஹிந்தியில்.

அவர் குரலில் கோபமே இல்லை. என் குடும்ப க்ஷேமம் விசாரித்தார். அம்மா காலமாகிவிட்டதாகச் சொன்னார். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

நியூ ஜெர்சியில் அந்தப் படகுக் கம்பெனியின் கதையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த ரயில் நிலையம்தான். ஹீலிகள் சொந்தப் பணத்தைப் போட்டுக் காப்பாற்றியது கட்டடத்தை அல்ல, அச்சுகளை அல்ல. அச்சு பூட்டிய கொட்டகையில் கிடக்கும். கைகள் கிடக்குமா? கேட்டலிஸ்ட் எவ்வளவு என்று வெயிலைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவன், வேலை போனால் கட்டட வேலைக்கோ லாரி ஓட்டவோ போய்விடுவான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்துக் கூப்பிட்டால் வர மாட்டான். அவன் கற்றதை அடுத்தவனுக்குச் சொல்லித் தரவும் ஆள் இருக்காது. அந்த நூற்றுக்கும் குறைவான ஆட்கள் அங்கே தொடர்ந்து நின்றதால்தான், 1993க்குப் பிறகு வந்த புது ஆட்களுக்குச் சொல்லித்தர குருமார்கள் இருந்தார்கள். மராட்டியச் சகோதரர்களிடமும் அதே மனசு இருந்தது. போடுவதற்குச் சொந்தப் பணம்தான் இல்லை. சிறிய குடும்பத் தொழிலுக்கும் பெரிய குடும்பத் தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

பிறகு வைக்கிங் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். தொழிலாளர் எண்ணிக்கை பழையபடி ஆயிரத்தைத் தாண்டியது. பில்லின் புதல்வர் பாட்ரிக் ஹீலி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தாங்கள் செய்யும் படகை ஓட்டிக்கொண்டு மீன்பிடிப் போட்டிகளுக்கே போய், வாடிக்கையாளரோடு கடலில் நின்று குறை கேட்பது அவர்கள் வழக்கம். 2008 நெருக்கடியில் படகு விற்பனை மறுபடி படுத்தது, அதையும் தாண்டினார்கள். கையால் ரெசின் பூசிய இடத்தில், அச்சை உறையிட்டு மூடிக் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தால் ரெசினை இழைக்குள் இழுக்கும் முறை வந்தது. அதனால் எடையும் குறைவு, தொழிலாளி சுவாசிக்கும் ஸ்டைரீன் நெடியும் குறைவு. 40 அடியில் பெயர் எடுத்தவர்கள் 90 அடியையும் தாண்டிப் போனார்கள். 2019இல் சிறிய திறந்த படகுகளுக்கென்று வால்ஹல்லா என்ற தனிப் பிரிவையும் தொடங்கினார்கள். பாப் ஹீலி 2021இல் காலமானார். கம்பெனி குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் ஃபைபர்கிளாஸ் பெரும்பாலும் உல்லாசத்துக்கு இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் எத்தனையோ மீனவர்கள் கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு வந்தார்கள். ஜி.எஸ்.டி.யில் மீன்பிடிப் படகுக்கு 5 சதவீதம். உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். பிழைப்புக்கு வேண்டியதற்குக் குறைவு, உல்லாசத்துக்கு அதிகம் என்ற தத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. வரி இல்லாமல் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லை. என் பென்ஷனும் இல்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று. வரி கட்டுகிறவன் யார் என்பதைச் சட்டம் எழுதும். அதன் பாரம் யார் தோளில் இறங்கும் என்பதைச் சட்டம் எழுதாது. அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் சமூகத்தில் உத்தியோகஸ்தர்களும் ஆடிட்டர்களும் பேங்க் அதிகாரிகளும் ஜாஸ்தி. தொழில் நடத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். இரு சாராருக்கும் ஒரு வார்த்தை.

உத்தியோகத்தில் இருக்கும் குழந்தைகளே, விதிப்படி நடவுங்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் சந்தேகம் உங்களுக்கே இருக்கும்போது, அந்தச் சந்தேகத்தின் செலவை எதிரில் இருப்பவன் தலையில் கட்டிவிட்டு டீயை மறுத்ததில் திருப்தி அடையாதீர்கள். கோப்பின் முதல் பக்கத்தில் தொகையை எழுதும்போது, அந்தப் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சீக்கிரம் முடிவு சொல்லுங்கள். தாமதமே பாதி தண்டனை.

தொழில் நடத்தும் குடும்பங்களே, அண்ணன் தம்பிக்குள் யார் எதைப் பார்ப்பது என்பதை நல்ல நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கணக்கு அறையில் உட்கார வைக்கும் முன், ஒரு வருஷமாவது பட்டறையில் ரெசின் வாசனையில் நிற்க விடுங்கள். லாபம் வரும் வருஷத்தில் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். புது இயந்திரத்துக்கு இல்லை, கெட்ட வருஷத்தில் பழைய ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க.

அந்த மராட்டியத் தாயார் வரவழைத்த டீயை இன்று கொடுத்தால் நான் குடிப்பேன். வீட்டில் உங்கள் பிள்ளைகளிடம் ஹீலி குடும்பத்தின் கதையைச் சொல்லுங்கள். நேரமிருந்தால் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.